ஆகாதவளைக் கூப்பிடு

பட். பட். பட்.

ஈரப் பானையின்மேல் மரப்பலகை விழுகிற சத்தம் ஒன்று. வெறும் சதையின்மேல் உள்ளங்கை விழுகிற சத்தம் வேறொன்று. முன்னது தொண்டைக்குள் முனகுவதுபோல் இருக்கும். பின்னது யாரோ வாசலில் நின்று கதவைத் தட்டுவதுபோல் இருக்கும். மருதேந்தல் வேளார் தெருக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே இரண்டையும் பிரித்துச் சொல்வார்களாம். அந்த இரண்டாவது சத்தத்தை முதன்முதலில் கேட்டவள் ராக்காயி. கேட்ட காலையிலிருந்து அது அவள் காதைவிட்டுப் போகவே இல்லையாம்.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, டவுனுக்கு ரயில் வந்து சேர்ந்த புதிதில், வைகைக்குத் தெற்கே மருதேந்தல் என்று ஓர் ஊர். கண்மாயும் கருவேலமும் கொஞ்சம் நெல்லும் உள்ள ஊர். கண்மாய்க் கரைக்குக் கீழே மண்பாண்டம் செய்கிற வேளார்கள் தெரு. தெருவின் கடைசி வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர், சங்கிலி, குருநாதன். இரண்டு பேருக்கும் ஒரே முற்றம், ஒரே சக்கரம், ஒரே சூளை. அண்ணன் பெண்சாதிதான் ராக்காயி.

ராக்காயி தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்களின் இடது கால் பட்டால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. மூச்சுப் பிடித்துக்கொண்டவர்கள், இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள், கதிர்க் கட்டைத் தூக்கிவிட்டு நிமிர முடியாமல் போனவர்கள் எல்லாரும் அவள் முற்றத்துக்கு வருவார்கள். பாயை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். ராக்காயி காலை மஞ்சள் தண்ணீரில் கழுவிவிட்டு வந்து, இடது பாதத்தை முதுகில் வைத்து மேலிருந்து கீழே மூன்று தடவை இழுத்துவிடுவாள். வெற்றிலை பாக்கை வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான்.

வந்தவர்களில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். ஊர்த்தலைவர் அம்பலம் வந்தார். அம்பலத்தின் தாயார் வந்தாள். வேளார் வீட்டுச் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள், அவள் காலடியில் முகத்தை மண்ணில் வைத்துப் படுத்தார்கள். ராக்காயிக்கு வெற்றிலை பெரிதில்லை, பாக்கும் பெரிதில்லை. காலைத் தூக்கும்போது கீழே தெரிகிற அந்த முதுகுகள் பெரிது. அவற்றை நினைத்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள், மண் மிதித்தாள், தூங்கினாள்.

அப்படி இருக்கும்போது தம்பி குருநாதனுக்குக் கல்யாணம் ஆகி, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து சிட்டம்மா வந்தாள். சின்ன உருவம், பெரிய கை. ஆண்கள் சக்கரத்தில் வனைந்து இறக்கிவைக்கிற பானைக்கு அடிப்பக்கம் திறந்திருக்கும். உள்ளே ஓர் உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அதை மூடுவது பெண்கள் வேலை. ராக்காயி ஒரு பானை மூடுகிற நேரத்தில் சிட்டம்மா மூன்று மூடினாள். அப்போதே ராக்காயிக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் என்ன, பானை தட்ட யாராலும் முடியும், காலால் பிறக்க யாராலும் முடியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டாளாம்.

ஒரு நாள் விடிகாலையில் ராக்காயி சாணம் தெளிக்க வெளியே வந்தாள். பட் பட் என்று சத்தம். பலகைச் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தால், மண்குவியலுக்குப் பக்கத்தில் சிட்டம்மா உட்கார்ந்து தன் முழங்கை மடிப்பில் தானே உள்ளங்கையால் அறைந்துகொண்டிருக்கிறாள். கை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பிறகு எழுந்து கொட்டகையின் இரண்டு தூண்களுக்கு நடுவில் நின்று, இரண்டு கையாலும் தூணைப் பிடித்து, ஒரு காலை முன்னே வைத்து உடம்பை முழுக்க நீட்டினாளாம், தூங்கி எழுந்த பூனை மாதிரி.

"என்னடி பண்ற, பேய் பிடிச்சிருச்சா?"

"இல்லக்கா. ராவுல கை மரத்துப் போச்சு. தட்டிவிட்டேன், சரியாப் போச்சு."

"தட்டினா சரியாப் போகுமா?"

"மண்ணுக்குள்ள காத்து நின்னுச்சுன்னா சூளையில வெடிக்குதுல்ல? தட்டினா காத்துப் போயிருது. ஒடம்பும் அப்புடித்தேன்னு எங்க ஆத்தா சொல்லும். தட்டணும், நீட்டணும். அம்புட்டுத்தேன்."

ராக்காயி சிரித்துவிட்டுச் சாணம் தெளிக்கப் போனாள். சிரித்ததுதான் அவள் செய்த தப்பு என்பார்கள். அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்திருந்தால் கதையே வேறு.

பத்து நாள் கழித்து அம்பலத்தின் தாயார் அடுப்புக்குப் பானை எடுக்க வந்தாள். வந்த இடத்தில் கெண்டைக்கால் சதை ஏறிக்கொண்டது. கிழவி அலறுகிறாள். ராக்காயி கால் கழுவ உள்ளே ஓடினாள். அவள் மஞ்சளைக் கரைத்துக் கழுவி வருவதற்குள் சிட்டம்மா கிழவியிடம் சொல்லிவிட்டாள்.

"ஆத்தா, முழங்காலுக்குப் பின்னாடி நீங்களே தட்டுங்க. ஒங்க கையால. பயப்படாம நல்லாத் தட்டுங்க. இப்ப கால நீட்டி, பெருவிரல ஒங்க பக்கமா இழுங்க."

ராக்காயி ஈரக் காலோடு வெளியே வந்தபோது கிழவி நின்றுகொண்டிருந்தாள். நின்றதோடு விடாமல் நாலு எட்டு நடந்தும் காட்டினாள்.

அந்த வாரமே ஊரில் அந்தச் சத்தம் கிளம்பிவிட்டது. கண்மாயில் குளிக்கிற பெண்கள் படித்துறையில் வரிசையாக உட்கார்ந்து முழங்கையைத் தட்டினார்கள். களத்துமேட்டில் நெல் அடிக்கிறவர்கள் இடையில் நின்று முழங்காலைத் தட்டினார்கள். வயிறு உப்பினால் தட்டினார்கள், தலை சுற்றினால் தட்டினார்கள். மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தும் தட்டினார்களாம். சிட்டம்மா யாரிடமும் வெற்றிலைகூட வாங்கவில்லை. யாரையும் தொடவும் இல்லை. "ஒங்க கைதேன், ஒங்க ஒடம்புதேன், எங்கிட்ட என்ன இருக்கு" என்று பானையைத் தட்டப் போய்விடுவாள்.

ராக்காயியின் பாய் சுருட்டியபடியே கிடந்தது. அவள் மட்டும் தினமும் தன் இடது காலை மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். யாராவது வந்தார்களா? வரவில்லை. மறுநாளும் கழுவினாள். வந்தார்களா? வரவில்லை. மஞ்சள் ஏறி ஏறி அந்த ஒற்றைப் பாதம் மட்டும் கல்யாணப் பெண்ணின் பாதம் மாதிரி இருந்ததாம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அம்பலத்தின் தாயாரை வழியில் மறித்தாள்.

"என்னத்தா, நம்ம பக்கமே காணோம்?"

"ராக்கு, கோவிச்சுக்காதே. ஒங்காலு நல்ல காலுதேன், நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா ஒங்காலத் தேடி நான் வேகாத வெயில்ல வரணும். எங்கையி எங்கூடவே வருது."

ராக்காயி அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. காலால் பிறந்தவள் தன் முதுகில் தானே காலை வைக்க முடியுமா? முடியாது. யோசித்தாள், யோசித்தாள். கடைசியில் யாருக்கும் கேட்காமல் முழங்காலுக்குப் பின்னால் மெதுவாகத் தட்டினாள்.

சங்கிலி வெளியிலிருந்து கேட்டான். "என்ன உள்ள சத்தம்?"

"கொசு."

"பட்டப்பகல்லயா?"

"பகல்லயும் கடிக்குது, போங்க."

அவள் தட்டினாள், கதவைப் பிடித்துக்கொண்டு உடம்பை நீட்டினாள். வலி விட்டது. விட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வலி விடாமல் இருந்திருந்தால் சிட்டம்மாவைப் பொய்க்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாவது திரிந்திருக்கலாம்.

சாயங்காலம் போய்ச் சிட்டம்மாவையே கேட்டாள். "ஏடி, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டுட்டு ஊருக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

சிட்டம்மா பலகையைக் கீழே வைத்தாள். "அக்கா, ஒங்க காலு சாமி குடுத்தது. ஒங்க ஒருத்திக்குத்தேன் உண்டு. இது என்ன, வெறும் கை. எல்லார்கிட்டயும் இருக்கு."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அது ராக்காயிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது. எல்லாரிடமும் இருக்கிற ஒன்றைக் காட்டி, ஒருத்தியிடம் மட்டும் இருப்பதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாளே. அதுவும் என்ன செய்தோம் என்று தெரியாமலே.

அந்த வாரத்தில் ஒரு நாள் ராக்காயி கண்மாய்க் கரை ஐயனார் முன்னால் போய் நின்றாள். அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்பதைப் பின்னால் அவளே சொன்னதால்தான் ஊருக்குத் தெரியும். "அவ சாகணும்னு கேக்கல. கை முறியணும்னு கேக்கல. ஒரே ஒரு நாள், அவ தட்டித் தட்டி, ஒண்ணும் ஆகாமப் போகணும். ஊரு அதப் பாக்கணும். நானும் பாக்கணும்." இப்படித்தான் கேட்டாளாம்.

பங்குனி வந்தது. ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிற திருவிழா வந்தது. அதற்கு முதல் வேலை பிடிமண் கொடுப்பது. ஊரார் கூடி வர, அம்பலம் தன் கையால் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் குதிரை செய்யத் தொடங்க வேண்டும். பிடிமண் கொடுக்கிற நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஊர் முழுக்க அந்த முற்றத்தில் வந்து நின்றது.

அதற்கு முந்திய நாட்களில் புழுக்கம் தாங்க முடியவில்லை. சிட்டம்மா வீட்டுக்குள் படுக்காமல், ஈரச் சாக்குப் போர்த்திய மண்குவியலின் ஓரமாகத் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காலையிலும் அங்கிருந்துதான் எழுந்து வந்தாள். வரும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சிட்டு, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் அம்பலத்தின் தாயார்.

"ஒண்ணுமில்லத்தா. வயித்தப் பிடிக்குது. வாயுவு." சிட்டம்மா சிரித்தாள். "இந்தா, தட்டினாப் போயிரும்."

உட்கார்ந்தாள். முழங்கையைத் தட்டினாள். கூட்டத்தில் நின்ற பெண்களுக்கு வேடிக்கை. ஒருத்தி, "நல்லாத் தட்டு, குருநாதனுக்கும் சேத்துத் தட்டு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ராக்காயி முன்வரிசையில் பித்தளைத் தட்டோடு நின்றாள். மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது முகத்தைப் பார்ப்பார்கள். ராக்காயி மட்டும் எப்போதும் காலைத்தான் பார்ப்பாள், அது அவள் பிறவிப் பழக்கம். அன்றைக்கும் சிட்டம்மாவின் காலைப் பார்த்தாள். இடது கணுக்காலுக்குக் கீழே, ஊசியால் குத்தியதுபோல இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை, இரத்தம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி.

ராக்காயிக்கு அது என்னவென்று தெரியும். அவள் கூடப்பிறந்த அண்ணன் அப்படித்தான் போனான். கட்டுவிரியன் கடித்தால் கடித்ததே தெரியாது. தூக்கத்தில் கடித்துவிட்டுப் போய்விடும். விடிந்ததும் வயிற்றைப் பிடிக்கும். கண் இமை கீழே இறங்கும். நாக்குத் தடிக்கும். பிறகு மூச்சு நிற்கும்.

பார்த்தாளா? பார்த்தாள். தெரிந்துகொண்டாளா? தெரிந்துகொண்டாள். சொன்னாளா?

சொல்லவில்லை.

சிட்டம்மா முழங்காலைத் தட்டினாள். வலி போகவில்லை. அக்குளுக்குக் கீழே தட்டினாள். போகவில்லை. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். "என்னாத்தா இது, இன்னைக்குக் கேக்க மாட்டேங்குது" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "அவளுக்கே கேக்கலயா?" என்றாள் இன்னொருத்தி. அந்த வார்த்தை ராக்காயியின் காதில் விழுந்ததும், வெயிலில் நடந்து வந்தவள் மோர் குடித்ததுபோல் அவள் நெஞ்சு குளிர்ந்ததாம். அந்தக் குளிர்ச்சியை அவள் பின்னால் ஒரு நாளும் மறுத்ததில்லை.

சிட்டம்மா எழுந்து தூணுக்குப் போனாள், உடம்பை நீட்டலாம் என்று. பிடித்த கை நழுவியது. மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் நழுவியது. தூணிலேயே சாய்ந்து திரும்பிப் பார்த்தாள். இமை பாதி இறங்கிவிட்டது. அந்தப் பாதிக் கண்ணால் நேராக ராக்காயியைப் பார்த்தாள். ராக்காயி எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தாள். அவள் பார்வையைப் பிடித்துக்கொண்டே தன் கணுக்காலுக்கு இறங்கினாள். மறுபடியும் ராக்காயியின் முகத்துக்கு வந்தாள்.

"அக்…கா" என்றாள். நாக்குப் புரளவில்லை.

அப்போதாவது சொன்னாளா? சொல்லவில்லை.

அம்பலம்தான் முன்னால் வந்தார். "தட்டுறதெல்லாம் போதும். ராக்காயி, நீ வந்து கால வை."

கூட்டம் முழுக்க ராக்காயி பக்கம் திரும்பியது. ஒருவன் ஓடிப்போய்ச் சுருட்டிக் கிடந்த பாயை எடுத்து வந்து விரித்தான். இரண்டு பெண்கள் சிட்டம்மாவைத் தாங்கி வந்து, ராக்காயியின் காலடியில் குப்புறப் படுக்கவைத்தார்கள். ஊர் வட்டமாக நின்றது. அவள் ஐயனாரிடம் கேட்டதெல்லாம் வந்துவிட்டது. கேட்காததும் கூடச் சேர்ந்து வந்திருந்தது.

ராக்காயி இடது காலைத் தூக்கினாள். சிட்டம்மாவின் முதுகில் வைத்தாள்.

எத்தனையோ முதுகில் கால் வைத்தவள் அவள். வலியில் துடிக்கிற முதுகு, பயத்தில் இறுகுகிற முதுகு, வெட்கத்தில் நெளிகிற முதுகு எல்லாம் அவள் பாதத்துக்குத் தெரியும். இந்த முதுகு ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சமாக மேலே வந்தது. நின்றது. அப்புறம் கொஞ்சமாக மேலே வந்தது. அடுத்த மூச்சுக்காக ராக்காயி காத்துக்கொண்டு நின்றாள். அது வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது.

காலை எடுத்துவிட்டாள்.

"காலப் பாருங்க" என்றாள். "கணுக்காலு. விரியங்கடி. வண்டியப் பூட்டுங்க."

டவுன் ஆஸ்பத்திரி ஏழு மைல். குருநாதன் மாட்டை விரட்ட, ராக்காயி வண்டிக்குள் சிட்டம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கவிடாமல் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட டாக்டர் ஒருவர் ஊசி போட்டார். பிறகு சிட்டம்மாவைக் குப்புறப் போடச் சொன்னார்.

"இனிமே மூச்சு அதுவா வராது. நாமதான் வர வைக்கணும். ரெண்டு கையையும் விலாவுல வச்சு அழுத்து, விடு. அழுத்து, விடு. நிறுத்துனா செத்துப் போயிரும். யாரு செய்வீங்க?"

"நான்" என்றாள் ராக்காயி.

அழுத்தினாள், விட்டாள். அழுத்தினாள், விட்டாள். கை சோர்ந்தால் குருநாதன் செய்வான், அவன் சோர்ந்தால் மறுபடியும் இவள். மறுநாள் பொழுது விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்தபோதுதான், அழுத்தாமலே அந்த முதுகு மேலே வந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஊர் திரும்பினால், ஊரில் வேறு கதை நடந்துகொண்டிருக்கிறது. ராக்காயி காலை வைத்ததும் பாதத்திலேயே விஷம் தெரிந்துவிட்டதாம். கால் விஷத்தோடு பேசியதாம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. பாய் சுருட்ட நேரமில்லை. எந்த முதுகுகளுக்காக அழுதாளோ அந்த முதுகுகள் வரிசை போட்டுக் கிடந்தன.

சிட்டம்மா உடம்பு தேறி, பழையபடி மண்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பானை தட்டினாள். யாராவது கேட்டால், "ஆமா, அக்காதேன் பாத்துச் சொன்னாக" என்றாள். ராக்காயி எப்போது பார்த்தாள் என்று மட்டும் சொல்லவில்லை.

ராக்காயி காத்திருந்தாள். சிட்டம்மா இன்றைக்குச் சொல்லுவாள், நாளைக்குச் சொல்லுவாள், புருஷனிடமாவது சொல்லுவாள். சொன்னாளா? இல்லை. சித்திரை போனது, ஆடி போனது. ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், கொட்டகைக்குள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது ராக்காயி கேட்டுவிட்டாள்.

"நீ பாத்தேல்ல?"

"எதக்கா?"

"நான் பாத்தத."

சிட்டம்மா கல்லைப் பானைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். "பாத்தேன்."

"பெறகு ஏண்டி வாயத் தொறக்க மாட்டேங்குற?"

"தொறந்தா நீங்க என்ன ஆவீக? ஊரு ஒங்கள வச்சிருக்குமா? கடைசில சொல்லிட்டீக. வெடிய வெடிய மூச்சும் குடுத்தீக. போதும்க்கா. அது எங்கிட்டயே கெடந்துட்டுப் போகட்டும்."

இவ்வளவுதான் சொன்னாள். மறுபடியும் கல்லை உள்ளே கொடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்குக் காலில் விழுந்திருப்பாள். ராக்காயி அப்படிப்பட்டவள் இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்ததாம். பானையில் இவளே பெரியவள், கையில் இவளே பெரியவள். இப்போது பொறுப்பதிலும் இவளே பெரியவளா? ராக்காயியின் பாவத்தை எடுத்துத் தன் மடியில் முடிந்துவைத்துக்கொண்டு, அதையும் ஒரு நகை மாதிரி யாருக்கும் காட்டாமல் போட்டுக்கொண்டு திரிகிறாளே. காட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை. காட்டாமல் வைத்திருக்கிறாளே.

அந்த எரிச்சல் அடுத்த பங்குனிவரை இருந்தது.

அடுத்த பங்குனியில் அதே முற்றம், அதே ஊர். அம்பலம் பிடிமண்ணைக் கையில் எடுத்தார். ராக்காயி குறுக்கே வந்து நின்றாள்.

"மண்ணக் குடுக்குறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"போன வருசம் எங்காலுக்கு ஒண்ணும் தெரியல. அது வெறுங்காலு. நான் கண்ணாலதேன் பாத்தேன். இவ வந்து ஒக்காந்ததுமே பாத்துட்டேன். பாத்துட்டு நின்னேன். இவ தட்டித் தட்டி ஒண்ணும் ஆகாம அவமானப்படட்டும்னு நின்னேன். நான் பாத்தத இவளும் பாத்தா. பெறகும் நின்னேன்."

ராக்காயி சிட்டம்மா பக்கம் திரும்பினாள்.

"இனி நீ முடிஞ்சு வச்சுக்க ஒண்ணுமில்ல. அவுத்துக் கொட்டிட்டேன்."

சிட்டம்மா எழுந்து வந்தாள். இத்தனை மாதம் பானை தட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத அந்தப் பெரிய கையை ஓங்கி, ராக்காயியின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். ராக்காயி இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றாள். சிட்டம்மா கையை இறக்கினாள். "என் உசுரு போயிட்டிருந்துச்சுக்கா" என்றாள். "நீங்க பாத்துக்கிட்டு நின்னீக." அதற்கு மேல் பேச்சு வராமல் அழுதாள். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அழுததாகச் சொல்வார்கள். ராக்காயியும் அழுதாள். அவளுக்குக் கன்னம் வலித்தது, ஆனால் உள்ளே எரிந்துகொண்டிருந்தது நின்றுவிட்டதாம்.

அம்பலம் கோபத்தில் மண்ணைக் கீழே போட்டுவிட்டார். "இவ இனிமே கோயில் பக்கம் வரக் கூடாது. இந்த முத்தத்துல யாரும் கால் வைக்கக் கூடாது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சிட்டம்மாதான் குறுக்கே பேசினாள்.

"அம்பலம் ஐயா, ஒரு வார்த்தை. அன்னைக்கு இந்த முத்தத்துல ஊரே நின்னுச்சு. எம்மேல ஆசையா இருந்தவுக எல்லாம் எங்கையப் பாத்தீக, மொகத்தப் பாத்தீக, சிரிச்சீக. எம்புருசனும் நின்னாரு, அவரும் மொகத்தத்தேன் பாத்தாரு. காலப் பாத்தது இவ ஒருத்திதேன். எம்மேல எரிச்சல் இருந்ததுனால பாத்தா. பிரியமா இருக்கவுக கண்ணுக்கு நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோணிப் போகுது. ஆகாதவ கண்ணுக்குத்தேன் அம்புட்டும் தெரியுது."

"அதுக்கு?"

"இவளத் தள்ளி வைக்காதீக. இனிமே யாருக்குத் திடீர்னு மேலுக்கு முடியாமப் போனாலும், தட்டுறதுக்கு முன்னாடி அவுகளுக்கு ஆகாத ஒருத்தியக் கூட்டியாந்து, உச்சந்தலையில இருந்து உள்ளங்காலு வரைக்கும் பாக்கச் சொல்லுங்க. பாத்தத வாய் விட்டுச் சொல்லச் சொல்லுங்க. ஒண்ணுமில்லேன்னா ஒண்ணுமில்லேன்னு சொல்லட்டும். பெறகு தட்டுவோம்."

அம்பலம் யோசித்தார். அவருடைய தாயார் பின்னாலிருந்து, "சரியாத்தேன் சொல்றா. எனக்கு ஒம்பொண்டாட்டியக் கூப்பிடு" என்றாளாம். கூட்டம் சிரித்தது. அம்பலம் குனிந்து, கீழே போட்ட மண்ணை மறுபடியும் அள்ளிக் கொடுத்தார்.

அதிலிருந்து மருதேந்தலில் அந்த வழக்கம் வந்தது. யாருக்காவது தலை சுற்றினாலும் நெஞ்சைப் பிடித்தாலும் வயிற்றை இழுத்தாலும், "ஆகாதவளைக் கூப்பிடு" என்றுதான் முதலில் குரல் கொடுப்பார்கள். ஓரகத்தி, நாத்தனார், வரப்புத் தகராறுக்காரி, பேச்சு வார்த்தை இல்லாத அடுத்த வீட்டுக்காரி என்று யாராவது ஒருத்தி வருவாள். வந்து முறைத்துக்கொண்டே நின்று, நகம் முதல் நாக்கு வரை பார்ப்பாள். பார்த்ததை உரக்கச் சொல்வாள். அவள் சொன்னதை வைத்துத்தான் தட்டுவதா, வண்டி பூட்டுவதா என்று முடிவு. கூப்பிட்டு வராமல் இருக்கக் கூடாது, அது ஊர்க்கட்டு. வந்தவளுக்கு வெற்றிலை பாக்கு உண்டு. பார்த்து முடித்ததும் இரண்டு பேரும் மறுபடியும் பேசாமல் இருந்துகொள்ளலாம், அதில் யாரும் தலையிட மாட்டார்கள். ரயிலடியில் வந்து இறங்குகிற வெளியூர் மாப்பிள்ளைகளுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பாக இருக்கும். இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினால் அவர்களும் தங்களுக்கு ஆகாதவர் யார் என்று யோசித்து வைத்துக்கொள்வார்கள்.

ராக்காயி அதற்குப் பிறகு யார் முதுகிலும் கால் வைக்கவில்லை. சிட்டம்மாவும் அவளும் ஒரே முற்றத்தில் இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தார்கள். தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். பொறாமை போய்விட்டதா என்று யாரோ கேட்டதற்கு, "அது எங்க போகும், இங்கதேன் இருக்கு" என்று ராக்காயி சொன்னாளாம்.

சங்கிலி காலமான பிறகு அவள் தேவகோட்டையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஆகாதவள் என்று ஒருத்தியும் இல்லை. அங்கே இரண்டாவது வருஷம், மஞ்சள்காமாலை கண்டு இறந்துபோனாள். சேதி மருதேந்தலுக்கு வந்து சேர மூன்று நாள் ஆனது.